ஒரு தேக்கு வட்டும் நாற்பது ஆண்டு வெப்பநிலையும்: கொழும்பு மாணவர் செயற்றிட்டம் பற்றிய நிகழ்வு ஆய்வு

கொழும்பில் தமிழ்மொழி மூலம் உயர்தரம் படிக்கும் மாணவர் குழு ஒன்று, புவியியல் செயற்றிட்டத்துக்காக ஒரு தேக்கு மரத்தின் ஆண்டு வளையங்களை அளந்து, அதிலிருந்து கொழும்பின் பழைய வெப்பநிலையைக் கணிக்க முயன்றது. அறிக்கையின் முதல் வரைபு கருத்துக்காக என்னிடம் வந்தது. வெப்பநிலை கூடிய ஆண்டுகளில் வளையம் ஒடுங்கியிருக்கிறது, இரண்டுக்கும் இடையே வலுவான எதிர்த்தொடர்பு இருக்கிறது, ஆகவே இந்த மரத்தைப் பழைய வெப்பமானியாகக் கொள்ளலாம் என்று அதில் முடிவு எழுதியிருந்தார்கள். அந்த முடிவு நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்பதை அடுத்த சில வாரங்களில் அந்தப் பிள்ளைகளே ஒவ்வொன்றாகச் சோதித்துக் கண்டுபிடித்தார்கள். மரவளையத்தை வைத்துக் காலநிலையை ஆராய்பவர்கள் நூறு ஆண்டுகளாக மல்லுக்கட்டிவரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்த ஒரே வட்டுக்குள் இருந்தன. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

வட்டு வந்த வழி

குழுவில் ஒரு மாணவியின் மாமாவுக்குக் குருநாகலில் காணி உண்டு. அங்கே தோட்டத்தில் நின்ற தேக்கை அனுமதி எடுத்து வெட்டி, கதவு நிலை அறுப்பதற்காகக் கிராண்ட்பாஸ் பக்கத்து மரக்காலை ஒன்றுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அடிமரத்திலிருந்து இரண்டு விரற்கடைத் தடிப்பில் ஒரு வட்டு தனியாகக் கிடைத்தது. ஒரு பக்கம் பட்டை கழராமல் ஒட்டியிருந்தது. இந்த வேலைக்கு அதைவிட வேறு நல்ல செய்தி கிடையாது. பட்டைக்கு உள்ளே இருக்கும் கடைசி வளையம் மரம் வெட்டிய ஆண்டுக்கு உரியது. அந்த ஆண்டு தெரிந்தால் உள்நோக்கி ஒவ்வொன்றாக எண்ணி எல்லா வளையங்களுக்கும் ஆண்டைப் போட்டுவிடலாம். மரக்காலையில் அடுக்கியிருக்கும் பலகையில் பட்டையும் இருக்காது, தச்சர்கள் 'வெள்ளை' என்று கழித்துவிடும் வெளிப்பகுதியும் இருக்காது. அதில் எத்தனை வளையம் போயிற்று என்று எவராலும் சொல்ல முடியாது.

அறுத்த வட்டில் முதலில் வாளின் கீறல் தவிர ஒன்றும் தெரியாது. 80ஆம் இலக்க சாண்ட் பேப்பரில் தொடங்கி 120, 220, 400, கடைசியில் 600 வரை தேய்த்தார்கள். இந்தத் தேய்ப்பை அவசரப்பட்டு முடிக்கவே கூடாது. 400ஐத் தாண்டியதும் தேக்கின் அமைப்பு தெளிந்துவரும். ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் ஊசியால் வரிசையாகக் குத்தி வைத்ததுபோல நிற்கும், வெளியே போகப் போகத் துளைகள் சிறுத்து மரம் இறுகும், பிறகு மறுபடி பெரிய துளை வரிசை. தேக்கு வறண்ட மாதங்களில் இலையை உதிர்த்து வளர்ச்சியை நிறுத்தி, மழையோடு மறுபடி தொடங்கும் மரம். அந்த நிறுத்தமும் தொடக்கமும்தான் வளையத்தின் எல்லை. கொழும்பு வீதியோர மாரா மரத்தில் இவ்வளவு தெளிவை எதிர்பார்க்க முடியாது. ஈர வலயத்தில் மரம் ஓய்வெடுக்கும் அளவுக்கு வறட்சி பெரும்பாலும் வருவதில்லை. பனையிலும் தென்னையிலும் வளையமே கிடையாது.

உள்ளிருந்து வெளியே பென்சிலால் பத்து ஆண்டுக்கு ஒரு புள்ளி, ஐம்பதாவது ஆண்டில் இரண்டு புள்ளி என்று குறிப்பது இந்தத் துறையின் வழக்கம். இவர்களுடைய மரம் இரண்டு புள்ளிவரை போகவில்லை. நாற்பதை ஒட்டி நின்றுவிட்டது. இரண்டு ஆரைகளில் எண்ணியபோது எண்ணிக்கை ஒத்துவரவில்லை. ஒரு ஆரையில் கூடுதலாக எண்ணிய ஒரு கோட்டை கைவில்லையால் சுற்றுவட்டத்தில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். கால்வாசித் தூரம் போனதும் அது மங்கி மறைந்துவிட்டது. பொய் வளையம். குருநாகல், ஈர வலயத்துக்கும் உலர் வலயத்துக்கும் நடுவிலுள்ள இடை வலயத்தில் இருக்கிறது. சித்திரையை ஒட்டி ஒரு மழை, ஒக்டோபர், நவம்பரில் ஒரு மழை. இடையில் மரம் சற்றே தயங்கிவிட்டு மறுபடி வளர்ந்தால், ஒரே ஆண்டில் இரண்டு கோடு விழும்.

எண்ணிக்கையை இப்படி ஆரைக்கு ஆரை, மரத்துக்கு மரம் ஒப்பிட்டுச் சரிபார்ப்பதுதான் இந்தத் துறையின் அத்திவாரம். அமெரிக்காவின் அரிசோனாவில் ஏ. ஈ. டக்ளஸ் என்ற வானியலாளர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சூரியப் புள்ளிகளின் சுழற்சியைத் தேடி மரங்களிடம் போனவர். பல மரங்களில் ஒடுங்கிய வளையங்களும் அகன்ற வளையங்களும் ஒரே ஒழுங்கில் வருவதைக் கண்டு, அந்த ஒழுங்கைப் பொருத்தியே ஆண்டு குறிக்கும் முறையை அவர் உருவாக்கினார். 1937இல் அவர் தொடங்கிய ஆய்வுகூடம் அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் இன்றும் இயங்குகிறது. வெறுமனே வளையத்தை எண்ணுவது வேறு, பொருத்தி ஆண்டு குறிப்பது வேறு. ஒரே ஒரு மரம் கையில் இருந்தால் இரண்டாவதை முழுமையாகச் செய்ய முடியாது. அந்தக் குறை இந்தச் செயற்றிட்டத்தில் கடைசிவரை இருந்தது.

அழகாக வந்த வரைபு

ஸ்கேனரில் எடுத்த படத்தை வைத்து ஒவ்வொரு வளையத்தின் அகலத்தையும் அளந்து, எக்செல்லில் கொழும்பின் ஆண்டுச் சராசரி வெப்பநிலைக்குப் பக்கத்தில் போட்டார்கள். வெப்பநிலை ஏறுகிறது, வளைய அகலம் இறங்குகிறது. "மிஸ், சூடு கூடக் கூட மரம் வளருறது குறைஞ்சிருக்கு. வடிவா வருது பாருங்க" என்றாள் அந்த மாணவி. உண்மையிலேயே வடிவாகத்தான் இருந்தது.

நான் கேட்டது ஒன்றுதான்: வெப்பநிலை இருக்கும் நிரலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 1, 2, 3, 4 என்று வெறும் எண்களைப் போட்டுப் பாருங்கள். போட்டார்கள். தொடர்பு அப்படியே இருந்தது, கொஞ்சம் கூடியும் இருந்தது. மரம் வெப்பநிலைக்குப் பதில் சொல்லியிருந்தால், வெறும் எண்வரிசைக்கு அதே அளவு பதில் சொல்லியிருக்கக் கூடாது. ஒன்று தொடர்ந்து ஏறினால், இன்னொன்று தொடர்ந்து இறங்கினால், அவற்றுக்குள் எந்தச் சம்பந்தமும் இல்லாவிட்டாலும் கணக்கில் தொடர்பு பலமாகத்தான் வரும். கொழும்பில் ஓடும் வாகனங்களின் எண்ணிக்கையைப் போட்டிருந்தாலும் இதே வடிவம் வந்திருக்கும்.

வெப்பநிலை ஏறியது உண்மை. வளையம் ஏன் இறங்கியது? இதற்குக் கேத்திரகணிதமே போதும். மரம் ஒவ்வொரு ஆண்டும் ஏறத்தாழ ஒரே அளவு மரத்தைச் சேர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஒவ்வொரு ஆண்டும் பெரிதாகிக்கொண்டு போகும் சுற்றளவைச் சுற்றிப் பரப்ப வேண்டும். ஆரை 5 சென்டிமீற்றராக இருந்தபோது போட்ட வளையத்தின் பரப்பையே ஆரை 20 சென்டிமீற்றரானதும் போட்டால், வளையத்தின் அகலம் முன்னையதில் கால்பங்குதான் வரும். சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மரத்துக்கு வயதாகிறது, அவ்வளவுதான்.

வயதைக் கழிப்பதும் அதன் விலையும்

இதற்கு வழமையான வைத்தியம், வயதுக்கேற்ற வளைகோடு ஒன்றை வளைய அகலங்களுக்குப் பொருத்தி, ஒவ்வொரு அகலத்தையும் அந்தக் கோட்டின் பெறுமானத்தால் வகுப்பது. கிடைப்பது 1ஐச் சுற்றி ஏறி இறங்கும் சுட்டெண் வரிசை. அந்த வயதில் எதிர்பார்த்ததைவிட மரம் கூட வளர்ந்ததா, குறைய வளர்ந்ததா என்பதை அது சொல்லும். பிள்ளைகள் இதைச் செய்ததும் வெப்பநிலையோடு இருந்த தொடர்பு கரைந்துபோய்விட்டது.

அவர்களுக்கு அது ஏமாற்றமாக இருந்தது. ஆனால் இந்த இடத்தில்தான் ஆழமான கேள்வி ஒன்றும் வந்தது. குழுவில் பேச்சுக் குறைந்த பையன் ஒருவன் கேட்டான்: "மிஸ், வயசக் கழிக்கேக்க, உண்மையாவே சூட்டால குறைஞ்சது கொஞ்சம் இருந்திருந்தா அதையும் சேத்துத்தானே கழிச்சிருப்பம்?" ஆம், சேர்த்துத்தான் கழிகிறது. நாற்பது வயது மரத்திடம் நாற்பது ஆண்டுகளாக மெல்ல ஏறிவரும் வெப்பத்தைப் பற்றிக் கேட்க முடியாது. மரத்தின் மூப்பும் காலநிலையின் போக்கும் ஒரே நீளத்தில் கிடப்பதால் எது எதென்று பிரிக்க வழியில்லை. மரவளைய ஆய்வாளர் எட்வர்ட் குக்கும் அவருடைய சகாக்களும் 1995இல் இந்தத் தடையைத் தனியாக எடுத்து எழுதினார்கள். அதைத் தாண்ட ஒரு வழி உண்டு. வெவ்வேறு காலத்தில் பிறந்த ஏராளமான மரங்களை எடுத்து, அவற்றை ஆண்டின்படி அல்லாமல் வயதின்படி அடுக்கி, அந்த வட்டாரத்து மரம் சராசரியாக எப்படி மூப்படைகிறது என்பதை முதலில் கண்டறிவது. அதற்கு நூற்றாண்டுகளைக் கடந்த மரங்கள் வேண்டும், பழைய கட்டடங்களின் உத்தரங்களோ ஏரிச் சேற்றில் புதைந்த மரங்களோ வேண்டும். ஒல்லாந்தர் காலத்தில் வந்து சேர்ந்த தேக்கில் இலங்கைக்கு அந்த வசதி இல்லை.

இன்னொரு சோதனையும் செய்யச் சொன்னேன். மரத்திலிருந்து பழைய காலநிலையைக் கணித்ததாகச் சொல்லும் எந்த மீட்டெடுப்பையும் நம்புவதற்கு முன் இதைக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வெப்பமானிப் பதிவை இரண்டாகப் பிரி. முன்பாதியை மட்டும் வைத்து வளையத்துக்கும் வெப்பநிலைக்கும் சமன்பாடு அமை. பின்பாதியைக் கண்ணில் காட்டாமல் வைத்திருந்து, அந்தச் சமன்பாடு அதைச் சரியாகச் சொல்கிறதா என்று பார். வயதைக் கழிக்காத பழைய அளவுகளை வைத்தே செய்து பார்த்தார்கள். மரம் இளமையில் வேகமாக ஒடுங்கி, பிறகு மெதுவாக ஒடுங்கியிருந்தது. அதனால் பின்பாதியில் வெப்பநிலை ஏறத்தாழ நின்றுபோனதாகச் சமன்பாடு சொன்னது. வெப்பமானியோ ஏறிக்கொண்டே போயிருந்தது. அறிக்கையின் முதல் முடிவு இதோடு விழுந்தது.

கொழும்பு அவதான நிலையத்தின் பதிவைக் குருநாகல் மரத்தோடு ஒப்பிட்டதும் சரியில்லைதான். பௌத்தாலோக மாவத்தையில் 1907இலிருந்து இயங்கும் அந்த நிலையத்தைச் சுற்றி நகரமே வளர்ந்துவிட்டது. கட்டடமும் தாரும் சேர்த்த சூடு அந்தப் பதிவில் கலந்திருக்கிறது. குருநாகல் தோட்டத்து மரம் அந்தச் சூட்டை அனுபவித்ததே இல்லை.

மரத்துக்கு எது குறைவு?

இதையெல்லாம் திருத்தி, நூறு தேக்குகளை எடுத்து, பக்கத்து நிலையத்தின் பதிவையே வைத்தாலும், குருநாகலில் வெப்பநிலை கிடைத்துவிடுமா? கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன். மரத்தின் வளர்ச்சியை அந்த இடத்தில் எது கட்டிப்போடுகிறதோ, அதன் ஏற்ற இறக்கம்தான் வளையத்தில் பதியும். தாராளமாகக் கிடைப்பது பதியாது. கொழும்பில் மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரிக்கும் மிக வெப்பமான மாதத்தின் சராசரிக்கும் வித்தியாசம் சுமார் 2 பாகை செல்சியஸ்தான். குருநாகலிலும் வெப்பக் குறைவால் வளர்ச்சி தடைப்படும் நாள் ஒன்றுகூட இருக்காது. அங்கே மரம் காத்திருப்பது தண்ணீருக்கு.

வெப்பநிலையை மரத்தில் வாசிப்பவர்கள் எங்கே போகிறார்கள் என்று பார்த்தாலே இது விளங்கும். வடதுருவத்தை அண்டிய காடுகளுக்கும், மலையில் மரம் வளரக்கூடிய கடைசி உயரத்துக்கும் போகிறார்கள். அங்கே கோடை சில வாரங்கள்தான். அது சற்றுக் குளிர்ந்தால் மரத்துக்கு அந்த ஆண்டே போய்விடும். வளைய அகலத்தைவிட அங்கே நன்றாகப் பேசுவது, கோடை முடிவில் உருவாகும் மரத்தின் அடர்த்தி. கோடை வெதுவெதுப்பாக நீண்டால் கலச்சுவர்கள் தடித்து அந்தப் பகுதி அடர்த்தியாகும், குளிர்ந்தால் மெலிந்து வெளிறும். 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்து, மறு ஆண்டு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் கிழக்கிலும் கோடை குளிர்ந்து பயிர் அழிந்தது. அந்தக் குளிர்ந்த கோடைகள் வடக்கத்தி மரங்களில் அடர்த்திக் குறைவாகப் பதிந்து கிடக்கின்றன. வட ஸ்கண்டிநேவியாவில் உயிருள்ள பைன் மரங்களையும் ஏரிகளில் புதைந்த பழைய பைன்களையும் இணைத்து, கி.மு. 138இலிருந்து கி.பி. 2006 வரையான கோடை வெப்பநிலையை யான் எஸ்பரின் குழு 2012இல் வெளியிட்டது. நமக்குக் கிட்டிய உதாரணம் பூட்டான். அங்கே இமயத்தின் ஊசியிலை மரங்களிலிருந்து 638 ஆண்டுகளின் கோடை வெப்பநிலை 2015இல் மீட்டெடுக்கப்பட்டது.

அந்த வடக்கத்தி மரங்கள்கூட எப்போதும் ஒரே மாதிரிப் பேசுவதில்லை. 1998இல் மரவளைய ஆய்வாளர் கீத் பிரிஃபாவும் சகாக்களும் ஒரு சங்கடத்தை வெளிப்படையாகவே எழுதினார்கள்: 1960ஐ ஒட்டிய காலம்வரை வெப்பநிலையோடு ஒத்துப்போன வடக்கத்தி மரங்கள் பலவற்றின் அடர்த்தி, அதன்பிறகு வெப்பமானி ஏறிய அளவுக்கு ஏறவில்லை. வறட்சி, சூரிய ஒளி மங்கியது என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒரே காரணத்தில் எல்லோரும் உடன்படவில்லை. மாணவர்களுக்கு இதை நான் விளக்கியது இப்படித்தான்: குளிர்தான் தடையாக இருந்த இடத்தில், சூடு ஏறிய பிறகு தண்ணீர் தடையாகிவிட்டால், மரம் அதன்பின் தண்ணீரைப் பற்றித்தான் எழுதும். எல்லா மரங்களிலும் இந்த விலகல் இல்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன். இதை மட்டும் பிடித்துக்கொண்டு மரவளைய ஆய்வு முழுவதையும் தூக்கி எறிவது நியாயமில்லை. எந்த மரம், எந்த இடம், எந்தத் தடை என்று கேட்டுத் தெரிவதற்கு அது இன்னொரு காரணம்.

தேக்கு எழுதி வைத்திருப்பது

சரி, தேக்கு எதைச் சொல்லும்? 1931இலேயே பெர்லாகே என்ற ஆய்வாளர் ஜாவாத் தேக்கில் நானூறு ஆண்டுக்கு மேற்பட்ட வளைய வரிசை ஒன்றை வெளியிட்டுவிட்டார். கேரளத் தேக்குகளில் 523 ஆண்டுகள் நீண்ட வரிசையை இந்திய ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்டார்கள். அதில் அவர்கள் கண்டது பருவமழை பொய்த்த ஆண்டுகளையும், அவற்றுக்கும் பசிபிக் கடல்நீர் வழமையைவிடச் சூடேறும் எல் நினோவுக்கும் உள்ள உறவையும். வெப்பமண்டலத்து மரம் தன் இயல்புக்கு ஏற்ற சாட்சியைச் சொன்னது. கேள்வியும் அதற்குப் பொருத்தமாக இருந்தது.

அதே ஆண்டு குக்கின் குழு ஆசியா முழுவதிலுமிருந்து 327 மரவளைய வரிசைகளைச் சேர்த்துப் பருவமழை வறட்சி வரைபடத் தொகுப்பொன்றை வெளியிட்டது. 1876 முதல் 1878 வரையான பெருவறட்சி அதில் தெளிவாக இருக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் தாது வருஷப் பஞ்சம் என்று சொன்னது இதைத்தான். சென்னை மாகாணத்தில் அந்தப் பஞ்சம் தாங்காமல் கோப்பித் தோட்டங்களை நம்பி இலங்கைக்குக் கப்பலேறியவர்கள் ஏராளம். மலையகத்தில் வேர்விட்ட குடும்பங்கள் சிலவற்றின் கதையில் அந்த ஆண்டுகள் வரும். இந்தக் குழுவில் ஒரு பிள்ளையின் குடும்பக் கதையிலும் வருகிறது. அவள் அந்த வரைபடத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இலங்கையில் வெப்பநிலையைத் தேடியே ஆக வேண்டும் என்றால், இரவில் உறைபனி விழும் நுவரெலியாவையும் சுமார் 2,100 மீற்றர் உயரத்து ஹோட்டன் சமவெளியையும்தான் முதலில் நினைக்கத் தோன்றும். அங்கே நிற்பது என்றும் பசுமையான மேகக்காடு. தெளிவான வளையம் எதிர்பார்க்க முடியாது. கோஸ்டா ரிக்காவின் மொண்டேவெர்டே மேகக்காட்டில், கண்ணுக்கு வளையம் தெரியாத மரத்திலும் ஒட்சிசன் சமதானிகளின் (ஒரே மூலகத்தின் நிறை வேறுபட்ட அணுக்களின்) ஆண்டுச் சுழற்சியைப் பிடித்துக் காட்டினார்கள். அதுவும் பெரும்பாலும் ஈரத்தைப் பற்றிய செய்திதான். கடல் வெப்பநிலைக்குப் பவளப்பாறை பொருத்தமான சாட்சி. அதன் சுண்ணாம்பில் ஸ்ட்ரோன்சியத்துக்கும் கல்சியத்துக்கும் உள்ள விகிதம் நீரின் வெப்பத்தோடு மாறும்.

இப்போது எங்கே நிற்கிறது

குழு தன் கேள்வியை மாற்றி எழுதியிருக்கிறது: குருநாகல் தேக்கின் வளைய அகலம், வளரும் பருவத்து மழைவீழ்ச்சியோடு சேர்ந்து மாறுகிறதா? வயதைக் கழித்த சுட்டெண்ணைக் குருநாகலின் மழையோடு வைத்தபோது சில வறண்ட ஆண்டுகளில் வளையம் ஒடுங்கியிருந்தது. 2016, 2017 வறட்சி ஒரு ஆரையில் தெரிந்தது, மற்றதில் தெரியவில்லை. ஒரு வட்டில் இதற்குமேல் எதையும் கேட்கக் கூடாது. துறையில் ஓர் இடத்திலிருந்து இருபதுக்குக் குறையாத மரங்களும், மரத்துக்கு இரண்டு மாதிரிகளும் எடுப்பது வழக்கம். உயிருள்ள மரத்தை வெட்டவும் வேண்டாம். 5 மில்லிமீற்றர் அளவான துளைக்கருவியால் பென்சில் போன்ற மாதிரியை எடுத்துவிடலாம். அது பள்ளிக்கூடத்தில் கிடையாது, அதனால் வெட்டிய மரங்களைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

மழைப் பருவம் ஒக்டோபரில் தொடங்கி அடுத்த ஆண்டு ஜனவரிவரை நீள்வதால் ஒரு வளையத்துக்கு எந்த ஆண்டின் பெயரைக் கொடுப்பது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்து எழுதி வைத்திருக்கிறார்கள். தெற்கு அரைக்கோளத்தில் செய்வதுபோல, வளர்ச்சி தொடங்கும் ஆண்டையே வைப்பது என்று தீர்மானம். வளிமண்டலவியல் திணைக்களத்திடம் குருநாகலின் மாதவாரி மழைவீழ்ச்சியைக் கேட்டு எழுதும் கடிதம் தயாராகிறது.

குருநாகல், அனுராதபுரம், வவுனியாப் பக்கம் யாராவது அனுமதியோடு தேக்கு வெட்டுவதாக இருந்தால், அடிமரத்தில் இரண்டு விரற்கடைத் தடிப்பில் ஒரு வட்டை அறுத்து, பட்டை கழராமல் துணியால் சுற்றி, நிழலில் காயவிடுங்கள். பின்பக்கத்தில் ஊரையும் வெட்டிய திகதியையும், மரம் நின்ற இடம் மேடா, வாய்க்கால் ஓரமா என்பதையும் எழுதி வையுங்கள். வாய்க்கால் ஓரத்து மரத்துக்கு வறட்சி தெரியாது, ஆகவே அந்தக் கடைசி விபரம் திகதியளவுக்கு முக்கியம்.